மான் இழுக்க ஒரு ஸ்லெட்

அப்பா ஒரு பொருள் வாங்கப் புறப்பட்டால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. டோஸ்டர் வாங்குவதற்கே வாரக்கணக்கில் ரெவ்யூ படித்தவர். அப்படிப்பட்டவரிடம் போய் அவருடைய மேனேஜர், வேட்டைக்கு வரும்போது ஸ்லெட் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். நான் அப்போது நான்காம் வகுப்பு. ஆஸ்டினுக்கு வடக்கே குடியிருந்தோம். எங்கள் ஊரில் பனி விழுவதே அபூர்வம், பனியில் சறுக்கிப் போகிற ஸ்லெட்டுக்கு என்ன வேலை என்று கேட்டேன். சுட்ட மானைக் காட்டுக்குள்ளிருந்து வண்டி நிற்கும் இடம்வரை இழுத்து வரத்தான் என்று அம்மா சொன்னாள்.

மேனேஜருக்கு மலைப்பக்கம் சொந்த நிலம் இருந்தது. வருஷா வருஷம் நவம்பரில், டீமில் தனக்கு வேண்டியவர்களை மட்டும் அங்கே அழைப்பார். அப்பாவை அதுவரை அழைத்ததில்லை. அந்த வருஷம் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. கிரீன் கார்டு விண்ணப்பம் கம்பெனி மூலமாகத்தான் போயிருந்தது. வேலை போனால் விசாவும் போகும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அம்மா ஈரோட்டுச் சித்தியிடம் தினமும் போனில் இதைத்தான் பேசினாள். "கூப்பிட்டிருக்காருன்னா வெச்சுக்குவாருன்னுதான அர்த்தம்?" என்பாள். அப்பாவுக்குத் துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆக, ஸ்லெட்டிலாவது பேர் வாங்கியாக வேண்டும்.

மூன்று ஸ்லெட்டுகள் வந்து இறங்கின. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வறண்ட ஓடை, முழுக்கச் சுண்ணாம்புக் கல். பரீட்சை அங்கேதான். இரண்டு சோனா மசூரி மூட்டையை ஏற்றி, அதன்மேல் என்னைப் படுக்கவைத்து, "மான் வெயிட்டு சரியா வந்துருச்சு" என்றார் அப்பா. நான் விறைப்பாகப் படுத்திருந்ததில் அவருக்குத் திருப்தி இல்லை. செத்த மானின் கால்கள் அங்கேயும் இங்கேயும் போய்க் கல்லில் மாட்டுமாம், அதனால் கை காலைத் தொங்கப்போடச் சொன்னார். நாயோடு வந்த பக்கத்து வீட்டு அங்கிள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

முதல் ஸ்லெட் குழந்தைகள் பனியில் சறுக்குவது. மூன்றாவது கல்லிலேயே பிளந்து, மூட்டையும் கிழிந்து, ஓடையெல்லாம் அரிசி. இரண்டாவது, பாய் மாதிரி சுருட்டக்கூடிய பிளாஸ்டிக் ஷீட். இழுக்கச் சுலபம்தான், ஆனால் வழியிலிருந்த கல் ஒவ்வொன்றும் என் முதுகில் தெரிந்தது. மானுக்கு முதுகு வலிக்காது என்றார் அப்பா. சரிவில் அது பக்கவாட்டில் நழுவி என்னைப் புரட்டிப் போட்ட பிறகுதான் அதை ஒதுக்கினார். மூன்றாவது, தொட்டி மாதிரி கரை உயர்ந்து, அடி தடித்தது. கல்லின்மேல் ஏறி இறங்கிப் போயிற்று. ஒரே குறை, இறக்கத்தில் தானாக ஓடிவந்து அப்பாவின் குதிகாலை இடித்தது. பின்னால் ஒரு கயிறு கட்டி யாராவது பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று கண்டுபிடித்தார். அந்த யாராவது நான்தான் என்று அடம்பிடித்து வேட்டைக்கு இடம் வாங்கினேன்.

ஆயுத பூஜைக்கு அம்மா லேப்டாப், கார் சாவி, மிக்ஸி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். லேப்டாப்புக்கு ஒரே ஒரு பொட்டு. ஸ்லெட்டுக்குத் திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம், மாலை. "அதென்னுங்க, அதும் வேலைக்கான சாமான்தான?" என்றாள். அப்பா விழுந்து கும்பிட்டார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, மேனேஜர் தன் நிலத்தில் ஒரு மானைச் சுட்டார். அது ஒரு பள்ளத்தில் போய் விழுந்திருந்தது. மற்றவர்கள் வேறு பக்கம் போயிருந்ததால் நாங்கள் மூவர் மட்டும்தான். மேனேஜர் மானின் வயிற்றைக் கிழித்துக் குடலை எடுக்கும்போது நான் மரத்தைப் பார்த்துக்கொண்டேன். அப்பா மானை ஏற்றி, கால்களை மடக்கிப் பட்டையால் கட்டினார். முன்கயிற்றை மார்பில் மாட்டிக்கொண்டு கல்லும் கள்ளியுமாக இருந்த மேட்டில் ஏறினார். ஒரு இடத்தில்கூட ஸ்லெட் மாட்டவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மேட்டின் உச்சியில் மேனேஜர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அப்பாவிடம் மெதுவாக ஏதோ பேசினார். காற்றில் எனக்கு "மண்டே" என்பது மட்டும்தான் கேட்டது. மேனேஜர் கயிற்றைத் தான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அப்பா தரவில்லை. "ஐ காட் இட்" என்றார், தானே இழுத்துக்கொள்வதாக.

அவர் என்ன சொன்னார் என்று நான் இங்கிலீஷில் கத்திக் கேட்டேன்.

"ஸ்லெட்டு நல்லாருக்குதாம் கண்ணு. பின்கயித்த விட்றாத" என்றார் அப்பா.

இறக்கம் முழுக்கக் குதிகாலை ஊன்றிப் பிடித்துக்கொண்டே போனேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. அப்பா ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் கார் நின்றதும் நான்தான் முதலில் ஓடினேன், மேனேஜருக்கு ஸ்லெட் ரொம்பப் பிடித்துவிட்டதென்று சொல்ல. அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். உடனே ரவையை எடுத்து நெய்யில் வறுத்து, கேசரி கிளறியபடியே சித்தியைக் கூப்பிட்டு, இனிப் பயமில்லை என்று சொன்னாள். அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா போனில் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே கேசரியைச் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை வேலை போயிற்று. பொங்கலை ஈரோட்டில் கொண்டாடினோம். அந்த மேட்டின்மேல் மேனேஜர் மனசு கேட்காமல் முன்கூட்டியே அதைச் சொல்லிவிட்டார் என்பது எனக்குத் தெரியவந்தபோது நான் காலேஜில் இருந்தேன். அன்றைக்குக் கேசரித் தட்டோடு அப்பாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து நான் கேட்டதெல்லாம், அடுத்த வருஷமும் என்னைக் கூட்டிக்கொண்டு போவாரா என்பதுதான்.

"போலாம் கண்ணு" என்றார்.