நன்றியுரையில் பிடித்த பதவி

எங்கள் டாக்டர்கள் சங்கக் கூட்டம் என்றால் நன்றியுரை எனக்குத்தான். சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி. வரவேற்புரை இன்னொரு லேடி டாக்டருக்கு, குத்துவிளக்கு ஏற்ற நாங்கள் எல்லாரும். நடுவில் உள்ள பேச்செல்லாம் ஆண்களுக்கு. இத்தனைக்கும் தென்காசியில் பாதிப் பிரசவம் எங்கள் கையில்தான் நடக்கிறது.

நன்றியுரையை யாரும் கேட்பதில்லை. சிறப்பு விருந்தினர் உட்கார்ந்ததும் கூட்டம் பந்திக்கு எழுந்துவிடும். நான் முதுகுகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் எனக்கு ஓர் ஆசை இருந்தது. குற்றாலம் சீசனில் மெயின் அருவிக்குப் பக்கத்தில் சங்கம் முதலுதவி முகாம் போடும். அதற்குப் பொறுப்பாளராக வேண்டும். பதவி மோகம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காரணம் வேறு. முந்தைய சீசனில் நான் டியூட்டியில் இருந்தபோது பெண்கள் பக்கம் ஒரு அக்கா வழுக்கி விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது. முகாம் மேஜையோ ஆண்கள் பக்கம். நனைந்த சேலையோடு, நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு, எண்ணெய் தேய்த்து நின்ற ஆண்களுக்கு நடுவே நடந்து வந்தார். தையல் போட்டபோது வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “துணி மாத்திட்டு வந்திருப்பேம்மா, ரத்தம் நிக்கல” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

மேஜையைப் பெண்கள் பக்கம் மாற்றலாமே என்று அப்போதைய பொறுப்பாளரிடம் கேட்டேன். டியூட்டி டாக்டர்கள் முக்கால்வாசி ஆண்கள், அங்கே போய் எப்படி உட்காருவார்கள் என்றார். டியூட்டி போடுகிறவரே அவர்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

தலைமைப் பண்பு பற்றி ஆன்லைனில் ஒரு கோர்ஸ் முடித்திருந்தேன். வேண்டியதைத் தெளிவாகக் கேள் என்று அதில் சொல்லியிருந்தார்கள். சங்கத் தலைவரிடம் போய்த் தெளிவாகவே கேட்டேன். “பாப்போம்மா” என்றார். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் ‘கிடையாது’. அதற்கு என்ன செய்வதென்று கோர்ஸில் பாடம் இல்லை.

எனவே அடுத்த கூட்டத்தன்று, பந்திக்குச் சமைக்க வந்திருந்த அண்ணாச்சியைப் பார்த்தேன்.

“அண்ணாச்சி, நான் கை கூப்புத வரைக்கும் டைனிங் ஹால் கதவைத் திறக்காதீங்க.”

“பரோட்டா ஆறிருமே தாயி.”

“சுருக்கமா முடிச்சுருவேன்.”

“மைக்கைப் பிடிச்சவுக எல்லாம் அதைத்தான் சொல்லுதாங்க” என்றார். ஆனாலும் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்.

நான் மைக்கைப் பிடித்ததும் வழக்கம்போல் எழுந்தவர்கள் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நாட்டுக்கோழி வாசனை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. மைக்செட்காரருக்கு நன்றி சொன்னேன். இதோடு முடிந்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள். பந்தல்காரருக்குச் சொன்னேன், இன்னும் பலமாகத் தட்டினார்கள். அப்போதுதான், “இந்த சீசன் முகாமை நம்பிக்கையோடு ஒரு பெண் மருத்துவரிடம், அதாவது என்னிடம், ஒப்படைக்கும் நம் தலைவர் அவர்களுக்கு...” என்றேன். மண்டபமே அதிர்ந்தது. தலைவரும் தட்டினார். தட்டிக்கொண்டே வந்த கை பாதியில் நின்றது. நான் கை கூப்பினேன். கதவு திறந்தது.

பந்தியில் தலைவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, நான் எப்பம்மா ஒன்ட்ட ஒப்படைச்சேன்?”

“இப்பதான சார் கைதட்டுனீங்க.”

“அது பசியில தட்டுனது.”

பக்கத்தில் இருந்த சீனியர் மகப்பேறு டாக்டரம்மா இலையிலிருந்து தலையைத் தூக்காமல், “நல்ல முடிவு தலைவரே, நானும் டியூட்டிக்கு வாரேன்” என்றார். அதற்குள் இரண்டு பேர் வந்து எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். தலைவர் சால்னாவை ஊற்றச் சொன்னார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

சீசன் தொடங்கிச் சாரல் விழ ஆரம்பித்ததும், பெண்கள் குளித்துவிட்டு வெளியே வரும் வழியில் மேஜையைப் போட்டேன். மறைப்புக்கு ஒரு திரை, போர்த்திக்கொள்ள உலர்ந்த துண்டுகள். முதல் நாளே கூட்டம். பெயர்ந்த கால் நகம், பிசகிய கணுக்கால், வெளியே சொல்லாமல் வைத்திருந்த பழைய புண் என்று ஒவ்வொருவராக வந்தார்கள்.

சாயங்காலமே தலைவர் போன் செய்தார்.

“ஈரத்துண்டோட இம்புட்டு தூரம் நடக்கணுமான்னு ஆம்பளைங்க கேக்காங்கம்மா.”

“கஷ்டம்தான் சார்.”

“நீ சிரிக்கது கேக்கு.”

ஆண்கள் பக்கம் இன்னொரு மேஜை போடத் தயார், ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள்தான் இல்லை, எல்லா ஆண் டாக்டர்களுக்கும் கல்யாண வீடு இருக்கிறதாம் என்றேன். பிறகு மரியாதையாக, நீங்கள் வரமுடியுமா என்று கேட்டேன்.

வந்தார். தோளில் துண்டோடு வந்து, சொன்ன இடத்தில் உட்கார்ந்து, மத்தியானம் வரை வருகிற கால்களுக்கெல்லாம் கட்டுப் போட்டார். முதுகுக்குப் பின்னால் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பொறுக்கமுடியாமல் எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

“பொறுப்பாளரே, ஒரு நிமிஷம் தலையை நனைச்சிட்டு வந்துரட்டுமா?”

அவருடைய மேஜையில் ஒரு பையன் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“மாத்து ஆள் வரட்டும் சார்” என்றேன்.

துண்டைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனார்.