கோடு சேராத ஒயர்

தையல்காரம்மா ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் மெஷின் முன்னால் உட்காருகிறார். பாட்டு இல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. வீடு மாறிப்போன வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன ஆம்ப்ளிஃபயரும் ஜோடி ஸ்பீக்கர்களும்தான் துணை. ஆனால் வந்த நாளிலிருந்து, பாடுகிறவர் குரல் மட்டும் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

இணைப்புக் கொடுத்தவர் அவருடைய கணவர். இருபது வருட எலெக்ட்ரீஷியன். தெருவில் பாதி வீட்டு விளக்குகள் அவர் கைபட்டவை.

"பொட்டி செத்துப்போச்சும்மா. ஞாயித்துக்கிழமை தம்பி வர்றான், அவன் மொபைல் கடைக்குத் தூக்கிட்டுப் போகட்டும். சொல்லிட்டேன்."

"என் காது செத்துப்போச்சுன்னு சொல்லாம விட்டீங்களே! ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொட்டி என்னுதுதானே?"

வெள்ளிக்கிழமை தையல்காரம்மா வேலையை ஆரம்பித்தார். அதுவரை ஒரு பெட்டி பீரோ மேல் இருந்தது, இன்னொன்று சோபாவுக்குப் பின்னால் மூலையில், தரையில் கிடந்தது.

"ஒரு கை நீளமா, ஒரு கை குட்டையா சட்டை தைச்சா எவன் போடுவான்?" என்று முணுமுணுத்தபடி இரண்டையும் பழைய மெஷின் ஸ்டாண்டுகள் மேல் ஏற்றினார். உட்கார்ந்தால் காது உயரத்துக்கு வந்தன. சுவரை விட்டு இரண்டு சாண் முன்னே இழுத்தார். பிறகு இஞ்ச் டேப். பெட்டிக்குப் பெட்டி எழுபது அங்குலம். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் தன் நாற்காலிக்கும் அதே எழுபது. முதுகுப் பக்கத்து வெற்றுச் சுவரில், தைத்து முடித்த கனத்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டார்.

மூலையில் கிடந்தபோது இருந்த 'கும்கும்' போனது. எதிரொலி போனது. குரல் மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டார். தனித்தனியாக இரண்டும் தங்கம். சேர்த்துப் போட்டால் தகரம்.

ஞாயிறு காலை, ஒயரைத் தூசி தட்டும்போது அவர் கை நின்றது. ஒயரின் இரண்டு இழைகளில் ஒன்றில் மட்டும் மெல்லிய கோடு ஓடியது. கோடு போட்ட துணியை வெட்டுகிறவர் கண்ணுக்கு அது தப்புமா? ஆம்ப்ளிஃபயரில் இரண்டு ஒயருக்கும் கோட்டு இழை சிவப்பு முனையில். இடது பெட்டியிலும் சிவப்பு. வலது பெட்டியில் கறுப்பு!

"என்னங்க, கோடு சேரலையே!"

"எப்படி மாத்திக் குடுத்தா என்னம்மா? பல்பு எரியாமலா போயிடும்?"

"இது பல்பு இல்லீங்க, பாட்டு. ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது போல."

கணவர் சிரித்தார். ஆனாலும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர்களைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை எடுத்து, அதன் பிளஸ் முனையைக் கோட்டு இழையிலும் மைனஸை மற்றதிலும் ஒரு கணம் தொட்டுப் பார்த்தார். இடது பெட்டியின் முகப்பில் இருந்த கூம்பு வெளியே துள்ளியது. வலது பெட்டியின் கூம்பு உள்ளே பதுங்கியது.

அவர் சிரிப்பும் பதுங்கியது. வலது பெட்டியில் ஒயரை மாற்றி முடுக்கி, ஆம்ப்ளிஃபயரில் திரும்பக் கொடுத்தார்.

சாயங்காலம் கொழுந்தன் ஸ்பீக்கர்களைத் தூக்கிப்போகப் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து, அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்தார். பாடகியின் குரல் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்படி எழுந்தது.

"அண்ணி, நடுவுல மூணாவது பொட்டி ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?" எழுந்துபோய் மேஜைக்கு அடியில் குனிந்தே பார்த்துவிட்டார். ஒயர் மாறியிருந்ததை அண்ணி சொன்னதும் சிரித்தார். "முன்னாடி எவன் அண்ணி கனெக்‌ஷன் குடுத்தது?"

"நான் போய் டீ போடறேன்," என்று எழுந்தார் எலெக்ட்ரீஷியன்.

"சர்க்கரையும் உப்பும் மாத்திப் போட்டுடாதீங்க!" தையல்காரம்மா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். கொழுந்தனின் அட்டைப்பெட்டியில் இப்போது வெட்டுத்துணி நிறைந்திருக்கிறது.