கார் உறை போர்த்திய தறி

கட்டட நிறைவுச் சான்றிதழ் கிடைத்தால்தான் மாடிக்குக் கரண்ட் வரும், கரண்ட் வந்தால்தான் வாடகைக்கு ஆள் வரும். நகராட்சியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர் ஒல்லியானவர். கண்டதையெல்லாம் பேனாவால் தட்டிக்கொண்டே நடந்தார். வரைபடத்தில் கார் நிறுத்தக் காட்டிய இடத்தில் நான் தறி போட்டிருந்தேன். மகா புத்திசாலியான நான் அதன்மேல் கார் உறையையும் போர்த்தியிருந்தேன்.

தட்டினார். ‘டொக்’ என்றது மரம்.

“எந்த கம்பெனி வண்டிபா?”

“பழைய மாடல், சார்.”

உறையைத் தூக்கிப் பார்த்தார். “பட்டு நூல்ல பாவு ஏத்திக்கினு நிக்குதே?”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்காமல், ‘கார் நிறுத்துமிடம் இல்லை’ என்று எழுதிச் சான்றிதழை மறுத்துவிட்டார். போகும்போது குனிந்து, உறையைத் தரைவரை இழுத்துவிட்டார்.

“பாவுல தூசி படப்போவுதுபா.”

மாடி இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது. அவர்மேல் கோபப்பட முயன்று பார்க்கிறேன், கோபம்தான் வரமாட்டேன் என்கிறது.