போட் வீடு

எங்கள் வீட்டுக்கு நாரந்தனையில் 'போட் வீடு' என்று பெயர். முதல்முறை வருபவர்கள் வளவுக்குள் ஒரு படகைத் தேடுவார்கள். கிணற்றடியைப் பார்ப்பார்கள், மரியாதை குறைந்தவர்கள் மாட்டுக்கொட்டிலையும் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே ஒருபோதும் படகு இருந்ததில்லை. வரவிருந்த ஒரு படகைப் பற்றிய குறிப்பு மட்டும் என் பழைய கொப்பியில் இருக்கிறது.

அந்தக் கொப்பியை எட்டு வயதில் தொடங்கினேன். ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்து நான்கு நிரல்கள் கீறியிருப்பேன்: திகதி, கிழமை, நடந்தது, காரணம். ஆடு குட்டி போட்டது, மின்சாரம் நின்றது, கணக்கு ரீச்சர் லீவு எடுத்தது எல்லாம் அதில் ஏறும். முதல் மூன்றும் இலகு. காரணத்துக்கு அம்மாவைக் கேட்பேன். அம்மா வேலையாக இருந்தால் நானே ஒன்றை எழுதிவிடுவேன்.

ஒன்பது வயதும் ஏழு மாதமும் ஆனபோது, வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கனடாவிலிருந்து மாமா அழைத்தார். அம்மா புதன் என்று இன்றும் சாதிக்கிறார். அது தவறு; அன்று வீட்டில் மரக்கறிச் சமையல் என்று கொப்பி சொல்கிறது.

எங்கள் மேற்குச் சுவருக்குச் சோளகக் காற்று ஒரு தீராத நோய். கடலுப்பு ஏறி, ஆண்டுதோறும் சீமெந்துப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். மேசன் வந்து பூசுவார். காற்று வந்து உரிக்கும். அதைப் பற்றித்தான் மாமா பேசினாராம். ஆனால் அம்மாவின் கை மாவில் இருந்ததால் தொலைபேசி என்னிடம் வந்தபோது, பேச்சின் பின்பாதி மட்டுமே எனக்குக் கிடைத்தது.

"பிள்ளை, எழுது. பைபர் போட் அனுப்புறன். கொழும்பில சொல்லியாச்சு. உப்புக்காத்து ஒண்டும் செய்யாது, உக்காது, கறையான் அரிக்காது. நீளம் பன்னிரண்டு அடி, அகலம் எட்டு அங்குலம். அடுத்த கிழமை புதன் வந்திடும். சவிரியையும் கூப்பிடச் சொல்லு அம்மாவிட்ட."

எழுதினேன். ஒரு சொல்லும் விடவில்லை.

மாமா சொன்னது சுவருக்கு அடிக்கும் சீமெந்துநார்ப் பலகைகளை. அவருடைய கனடா வீட்டின் வெளிச்சுவரெல்லாம் அப்படித்தான். பார்த்தால் மரம் போல இருக்கும், மரமல்ல. ஆனால் தீவுப்பகுதியில் பலகைக்கும் போட்தான், படகுக்கும் போட்தான். 'பைபர் போட்' என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும், அது இயந்திரம் பூட்டிக் கடலுக்குப் போகிற பொருள்.

சவிரி அண்ணை இரண்டு வளவு தள்ளி இருந்தவர். மாமாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். மற்றொருவரின் போட்டில் மீன்பங்குக்குப் போய்வந்தார். மாமா வெளிநாடு போன அன்று அவரைக் கட்டிப்பிடித்து, "உழைச்சு உனக்கொரு போட் வாங்கித் தருவன்ரா" என்று சொல்லியிருந்தாராம். போகிற எல்லோரும் சொல்வதுதான். நிற்கிறவர்களில் சிலர்தான் அதை நினைவில் வைத்திருப்பார்கள்.

மறுநாள் வலையோடு வேலியோரம் வந்தவரை மறித்துச் செய்தியைச் சொன்னேன்.

"மாமா பைபர் போட் அனுப்புறாராம். உங்களைக் கூப்பிடட்டாம்."

அவர் வலையைக் கீழே வைத்தார்.

"ஆர் சொன்னது?"

"மாமாதான். உப்புக்காத்துக்கு ஒண்டும் செய்யாதாம். பன்னிரண்டு அடி நீளமாம்."

"பன்னிரண்டோ? பன்னிரண்டில ஆர் பிள்ளை பைபர் போட் செய்யிறான்? இருபத்தொண்டாக்கும்."

"பன்னிரண்டு. அகலம் எட்டு அங்குலம்."

"எட்டு அங்குலத்தில நண்டும் ஏறாது. நீர் பிழையாக் கேட்டிருப்பீர். எட்டு அடியெண்டு எழுதும்."

நான் பிழையாகக் கேட்பதில்லை. ஆனால் எனக்கு எதிரில் நின்றவர் இருபது வருடம் கடலுக்குப் போனவர். வீட்டுக்குள் போய்ச் சிவப்புப் பேனை எடுத்து, பன்னிரண்டை வெட்டி இருபத்தொன்று என்றும், அங்குலத்தை வெட்டி அடி என்றும் திருத்தினேன். வாழ்நாளில் நான் திருத்திய முதல் ஆவணம் அது.

அப்பா கிளிநொச்சியில் வேலை. சனி, ஞாயிறுதான் வருவார். ஆகவே விசாரணை அம்மாவிடம் நடந்தது. சவிரி அண்ணை முழுகி, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார்.

"தங்கச்சி, போட் எப்ப வருதாம்?"

"வாற புதன், அண்ணை. லொறியில."

"லொறியிலயோ?"

"பின்னக் கடலாலயோ வரும்?"

"அதுவும் சரி. எங்கை இறக்கிறது? கரையிலயோ?"

"ஐயோ, வேண்டாம். பூசி முடியுமட்டும் தண்ணி படக்கூடாதெண்டு எங்கட அண்ணா சொன்னவர். வளவுக்குள்ளதான்."

"ஓமோம். முதல் சுவாமியைக் கொண்டு ஆசீர்வதிப்பிக்கவும் வேணும்."

சுவருக்கு எதற்கு ஆசீர்வாதம் என்று அம்மா யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வேதக்காரர் வீட்டு வேலைக்கும் சுவாமியாரைக் கூப்பிட்டுச் செபிப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

"எங்கட அண்ணா உங்களைத்தான் நம்பியிருக்கிறார், அண்ணை" என்றும் சொன்னார். சவிரி அண்ணை மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை பிற்பகல் லொறி வந்தது. அதற்கு முன்பே சவிரி அண்ணையோடு கரையிலிருந்து ஏழுபேர் வந்து நின்றார்கள். படகை உருட்டுவதற்குப் பனங்குற்றிகளைப் படலையிலிருந்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். இவ்வளவு உதவியா என்று அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார்.

ஏழுபேரும் சேர்ந்து லொறியின் படங்கை இழுத்தார்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் பலகைக் கட்டுகள்.

"போட் எங்கை?" என்றார் ஒருவர்.

"உதுதான் போட்" என்றான் லொறிக்காரன். "நூற்றி இருபது. எண்ணிப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ."

இருவர் கட்டுகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கிழவர் ஒருவர், "சவிரி, உனக்கு நூற்றி இருபது போட்டடா! போட் முதலாளி, பெரிய சம்மாட்டி ஆயிட்டாய்" என்றார். வளவு வெடித்தது. "ஏறடா, இயந்திரத்தை இழு" என்றான் ஒருவன். "நங்கூரத்தைச் சுவரில கட்டுவம்" என்றான் இன்னொருவன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் சவிரி அண்ணைதான்.

அந்த நேரம் நான் கொப்பியோடு நடுவில் போய் நின்றேன். அடிமட்டத்தால் ஒரு பலகையை அளந்து முடித்திருந்தேன்.

"பன்னிரண்டு அடி, எட்டு அங்குலம். நான் முதலே சரியாத்தான் எழுதினனான். நீங்கள்தான் திருத்தச் சொன்னீங்கள்."

எனக்கு அது உண்மையின் வெற்றி. சவிரி அண்ணை சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கொப்பியில் சிவப்பால் வெட்டியதைப் பார்த்தார்.

"ஓம். பிள்ளை சரியாத்தான் சொன்னது. எனக்குத்தான் காது பிழை" என்று ஏழுபேருக்கும் கேட்கச் சொன்னார். அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. தேத்தண்ணித் தட்டோடு குசினிக்குள் போய்விட்டார்.

வியாழன் காலை மேசன் வந்தார். பலகை அடிப்பது அவருக்குப் புதிது. பூச்சு வேலையை மேலிருந்துதானே தொடங்குவது. இதையும் அப்படியே தொடங்கினார். சுவரில் மரச்சட்டங்களை நட்டுக்கு நிறுத்தி, கூரைக்கு அடியில் முதல் பலகை, அதன் கீழ்விளிம்பின்மேல் ஏறியபடி அடுத்தது என்று இறங்கி வந்தார். மூன்று வரிசை முடிந்தபோது சவிரி அண்ணை படலையைத் திறந்து வந்தார். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"மேசன், உது மழை குடிக்கிற சுவர்."

"என்ன அண்ணை சொல்லுறியள்?"

"ஒவ்வொரு பலகையும் வாயைத் திறந்து மேல பாக்குது."

"நீங்கள் நூற்றி இருபது போட் வைச்சிருக்கிறவர். சொன்னாக் கேக்கத்தான் வேணும்."

சவிரி அண்ணை கிணற்றடிக்குப் போய் வந்தார். ஏணியில் ஏறி ஒரு வாளி தண்ணீரைச் சுவரில் ஊற்றினார். பலகையின்மேல் கொஞ்சம் வழிந்தது. மிச்சமெல்லாம் உள்ளே போய், சுவரடியில் மேசனின் செருப்பை நனைத்தது. மேசன் செருப்பைக் கழற்றி உதறிவிட்டு, ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

அதன்பிறகு இருவரும் கீழிருந்து ஏறினார்கள். நிலத்துக்கும் முதல் பலகைக்கும் இடையில் ஒரு சாண் விட்டார்கள். முதல் பலகை மற்றவைபோலச் சரிந்து நிற்க, அதன் பின்னால் ஒடுங்கலாக ஒரு துண்டு வைத்தார்கள். பிறகு மேலே வருவது கீழே உள்ளதன்மேல் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட ஏற வேண்டும். அதற்குச் சவிரி அண்ணை இரண்டு கட்டையில் காடி வெட்டி அளவு வைத்துக்கொண்டார். வெட்டிய விளிம்புகளுக்கெல்லாம் பூச்சடித்தார். பனங்குற்றிகளை நிறுத்திச் சாரம் கட்டினார்கள். காலை ஏழரைக்கு வருவார், மாலைவரை நிற்பார். பலகையை மடியில் வைத்துப் பூசும்போது, படகின் மேனியைப் போலக் கையால் தடவிப் பார்ப்பார். அடிக்கடி என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, அளந்து சொல்லும். உம்மட அளவுதான் சரி" என்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மாமாவுக்குக் காணொளியில் சுவரைக் காட்டினோம்.

"அச்சாக் கனடா மாதிரிக் கிடக்கு! சவிரி, கடலை விட்டிட்டு உதையே தொழிலாச் செய்யலாம் போல."

"செய்யலாம்தான் மச்சான்" என்றார் சவிரி அண்ணை. "நீ அனுப்பின போட் நல்ல போட்."

சுவர் இன்றுவரை ஒரு துளி குடிக்கவில்லை. மாமாவுக்கு அந்தப் புதன்கிழமையைப் பற்றி யாரும் சொல்லவுமில்லை.

சவிரி அண்ணை செய்தி கேட்ட அடுத்த நாளே, அவர் பங்குக்குப் போன போட்டின் சொந்தக்காரரிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்பதை, எனக்குப் பதினாறு வயதானபோது அம்மா சொன்னார். லொறி வருமுன்பே அந்த இடத்துக்கு வேறொருவர் போய்விட்டார். பிறகு நெடுநாள் எழுவைதீவுக்கு ஆட்களை ஏற்றும் படகில் கயிறு பிடித்துக்கொடுக்கும் வேலை செய்தாராம். எட்டாம் வகுப்பில் நான் பள்ளிச் சுற்றுலாவுக்கு அந்தப் படகில் போயிருக்கிறேன். கைகொடுத்து ஏற்றிவிட்டவர், "பாத்து ஏறும் பிள்ளை, இது எட்டு அங்குலமில்லை" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

கொப்பியில் அந்தப் பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. சிவப்பால் திருத்தியதைத் திரும்பவும் நீலத்தால் திருத்தி, என் அளவை மீட்டிருக்கிறேன். ஒன்பது நாளும் திகதியும் கிழமையும் பிழையில்லை. நடந்தது: 'சவிரி அண்ணை இன்றும் கடலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் நின்றார்.' ஒன்பது வரிக்கும் காரணம் ஒன்றுதான். முதல் வரியில் எழுதிவிட்டு, மிச்சம் எட்டுக்கும் 'மேற்படி' போட்டிருக்கிறேன்.

'காரணம்: அவருக்கு இந்த வேலை நல்ல விருப்பம்.'