கண்டல் பற்றைக்குள் அஸர்

காவலரின் துப்பாக்கி உயர்ந்த கணத்தை நான் இன்றும் மறக்கவில்லை. மாவடிப்பள்ளிக்கு அப்பால், ஆற்றோரம். சிறையிலிருந்து கூட்டி வந்த பத்துப் பேருக்குக் சேற்றில் கண்டல் மரங்கள் நடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ஒழுங்காக நட்டுப் பராமரித்தால் தண்டனையில் சில மாதங்கள் குறையும் என்றிருந்தார்கள். எனக்கு ஆற்று முதலைக்கும் பயம், கைதிகளுக்கும் பயம். மருதமுனையில் நாய் குரைத்தாலே கதவைச் சாத்துகிற ஆள் நான்.

அவர்களில் மூத்தவரை எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றே அழைத்தோம். என்ன குற்றம் செய்தாரென்று கேட்க எனக்குத் துணிவில்லை. முளைவிட்ட கண்டல் காய்களைக் கைக்குழந்தையைப் போல ஏந்துவார். மகளின் கலியாணத்துக்கு முன் வெளியே வரவேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் கதைக்கமாட்டார்.

ஒருநாள் பின்னேரம் காவலர் தலை எண்ணினார். ஒன்பதுதான் இருந்தது. பற்றைச் செடிகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு தெரிந்தது.

"டேய், திரும்பு. இல்லாட்டி சுடுவன்."

முதுகு அசையவில்லை. காவலர் வேற்றூர்க்காரர், தொழுகை முறை தெரியாதவர்; அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அஸர் தொழுகை நேரம். தொழுகையில் நிற்பவர் யார் கூப்பிட்டாலும் வாய் திறக்கமாட்டார். நான் ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் என் சொல்லை நம்பிக் காவலர் விட்டபிறகு நானா ஓடிவிட்டால்? சொல்லாமல் ஒரு அடி பின்னால் வைத்தேன். துப்பாக்கி உயர்ந்தபோது நானா மெல்லக் குனிந்து, சேற்றில் நெற்றியை வைத்தார். காவலரின் கை தாழ்ந்தது.

வாகனத்தில் ஏறும்போது நானா சொன்னார்: "கேட்டா சொல்லுங்க டீச்சர். தொழக்குள்ள பதில் சொல்ல ஏலாண்டு உங்களுக்குத் தெரியுந்தானே."

ஆனாலும், கூப்பிட்டும் திரும்பாததால் தப்பப் பார்த்தார் என்று காவலர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் விசாரணையில் அதிகாரி என்னைக் கேட்டார்: "அவர் தொழுறது உங்களுக்கு விளங்கினதா?" விளங்கியது என்றால், ஏன் பேசாமல் நின்றீர்கள் என்பார். என் வேலையும் போகும்.

"இல்ல சேர்" என்றேன்.

நானாவைப் பிறகு எங்களோடு அனுப்பவில்லை. மாதங்களும் குறையவில்லை. மகளின் கலியாணம் வாப்பா இல்லாமலே நடந்தது.

இப்போது அவர் வெளியே இருக்கிறார். போன மாதம் கல்முனைச் சந்தையில் என்னைக் கண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு விலகப் பார்த்தேன்.

"எனக்காகக் கதைச்சீங்க, டீச்சர். அவங்க நம்பல்ல, அதுக்கு நீங்க என்ன செய்யிற" என்றார்.

அதற்குப் பிறகு நான் சந்தைக்குப் போகவில்லை.