யாருக்குப் பேஸ்தடித்தது

எங்கள் உத்திரமேரூர் பக்கத்தில் 'பேஸ்தடித்துப் போனான்' என்று ஒரு பேச்சு உண்டு. பயத்துக்கு அது பொருந்தாது, வெட்கத்துக்கும் பொருந்தாது. எதிர்பாராதது நடந்து, நடப்பது இன்னதென்றே விளங்காமல் ஒருவன் மலைத்து நிற்கிறானே, அதற்கு உரிய சொல். நெல் அறுக்க நாலு நாள் இருக்கும்போது மழை கொட்டினால் பேஸ்தடிக்கும். வாய்க்கு வாய் அதைச் சொல்கிறவன் நான். ஒரு முறை தப்பான இடத்தில் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

காவாந்தண்டலத்தில் நான் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, எட்டு வருஷமாக என்னோடு கம்பெனி பஸ்ஸில் வந்துபோகும் சிநேகிதனை அழைத்திருந்தேன். ஊருக்கு வெளியே காலனியில் இருப்பவன். கம்பெனியில் என் டிபன் பாக்ஸில் பாதி அவனுக்கு, அவன் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பில் முக்கால்வாசி எனக்கு.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். நான்தான் கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்காரவைத்தேன். அவன் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கோயிலுக்குப் போயிருந்த என் பெரியப்பா வந்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நீ ஏந்துருபா. உங்காளுங்களுக்குப் பின்னால தனியா போட்டுக்கினு கீறாங்க."

அவன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். சாம்பார் வாளியோடு இரண்டு இலை தள்ளி நின்றிருந்தேன். 'உட்காருடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு என்னுடையது, விருந்து என்னுடையது, வாயும் என்னுடையதுதான். குனிந்து பக்கத்து இலைக்குச் சாம்பார் ஊற்றினேன். அவன் எழுந்து, பின்பக்கம் போகாமல் நேரே தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துவைக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"பெரிப்பா அப்டி சொல்லுவாருன்னு நெனைக்கவே இல்ல மச்சான். பேஸ்தடிச்சிப் போயிட்டேன்."

திரும்பிப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பேஸ்தடிச்சது நானு. நீ சாம்பார் ஊத்திக்கினு இருந்த."

அடுத்த மாதமே ஷிப்ட் மாற்றிக்கொண்டான். அவன் சொன்னது சரி என்பது எனக்கு அப்போதே தெரியும். எனக்கு வருத்தமெல்லாம் அவனிடம் சொல்லாமல் விட்ட இன்னொன்றைப் பற்றித்தான். பெரியப்பா பார்த்தால் எழுப்பிவிடுவார் என்று எனக்கு முன்பே தெரியும். அவர் கோயிலிலிருந்து வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவான் என்றுதான் அவனை முதல் பந்தியில் உட்காரவைத்தேன்.