பாதி முட்டை

தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் என் எதிரே இருப்பவர் சுத்த சைவம். நெற்றியில் திருநீறு, கனடாவின் ஸ்காபரோக் குளிரில் வெடித்த உதடுகள். அடிக்கடி ஜாக்கெட்டுக்கு மேலே நெஞ்சைத் தடவிக்கொள்வார். நெஞ்சு நோவாக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் என் அவித்த முட்டையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, உந்த முட்டையில பாதி தருவீரோ?"

பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். "அண்ணை மச்சம் மாமிசம் தொடங்கிட்டார்."

அவர் ஜாக்கெட்டைத் திறந்தார். கழுத்தில் தொங்கிய துணிப்பைக்குள் உள்ளங்கையளவு சாம்பல்நிறப் பிராணி ஒன்று சுருண்டிருந்தது.

"சுகர் கிளைடர். கங்காரு மாதிரி வயித்துப் பையில குட்டி வளர்க்கிற சாதி. முந்தி யன்னல் சீலையில இருந்து தோலை விரிச்சு என்ரை தோளுக்கு மிதந்து வரும். வீட்டில மச்சம் இல்லையெண்டு பழமும் தேனும்தான் குடுத்தன். பூச்சி, முட்டை இல்லாட்டி எலும்பு உக்கிப்போகுமாம். சோடி செத்திட்டுது. இதுக்குப் பின்னங்கால் இழுபடுது. தனிய விட்டால் சாப்பிடாது."

விரல்நுனியில் மஞ்சட்கருவை நீட்டினார். அது முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் எழுந்துபோய்ச் சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கை கழுவினார்.

பிறகு தினமும் முட்டை அவித்துக்கொண்டு போனேன். பேச எனக்கு வராது. பாதியை அவர் பக்கம் தள்ளிவைப்பேன்.

எட்டாம் நாள் அவர் கழுத்தில் பை இல்லை. நான் அதைக் கவனிக்காமல் முட்டையைத் தள்ளிவிட்டேன்.

"இனித் தேவையில்லை, தம்பி."

திருப்பி எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் அவர் அதைத் தன் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினார். கை கழுவப் போகவில்லை.

இப்போதும் சைவச் சாப்பாட்டோடு எதிரில்தான் இருக்கிறார். நான்தான் முட்டை கொண்டுபோவதை விட்டுவிட்டேன்.